மூன்று வீடு மாறும் புழு

என் கொழுந்தன் என் பலகையில் கிடந்ததிலேயே பெரிய மீனைத் தூக்கி, ஒரு வார்த்தை கேட்காமல் வயிற்றைக் கீறினான். உள்ளேயிருந்து வெள்ளை நாடா போல ஒரு புழு வழுக்கிக்கொண்டு வந்தது. அதைக் கத்தி முனையில் தூக்கிப் பிடித்து, சந்தைக்கே கேட்கும்படி, "இதைத்தான் விக்கிறீங்களா அண்ணி?" என்றான். அந்த 'அண்ணி'யில் மட்டும் அவ்வளவு மரியாதை. பாவி.

ஏரி மீனில் எப்போதாவது அது இருக்கும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. என் கணவரோடு ஒரே படகில் வலை போட்டு வளர்ந்தவன். அவர் போய்ச்சேர்ந்தபின் சொந்தமாகக் குளம் வெட்டி, எனக்கு எதிர்ப்பலகையிலேயே வளர்ப்பு மீன் விற்க வந்துவிட்டான். அன்று மாலைக்குள் என் வாடிக்கை முழுவதும் அவன் பக்கம் சாய்ந்தது. எனக்கு வயிறு எரிந்தது. என் பிழைப்பில் மண்ணைப் போட்டவன் பிழைப்பில் நானும் போடுவேன் என்று முடிவு செய்துகொண்டேன்.

என்னிடம் மிஞ்சியது ஒரே ஆள், மீன் ஆராய்ச்சிக்கூடத்து அம்மா. அவருக்கு வயிறு வீங்கிய மீன்தான் வேண்டும். புழுவைக் கண்டால் முகமெல்லாம் பல்லாகிவிடும்.

"இந்தச் சனியனால யாருக்குங்க லாபம்?" என்றேன்.

"பறவைக்கு. இவ்வளவு பெரிய புழுவ வயித்துல வச்சிக்கிட்டு மீன் ஆழத்துக்குப் போக முடியாது. மேலேயே தடுமாறும். பறவைக்கு ஊட்டிவிட்ட மாதிரிதான். பறவை எச்சத்தோட முட்டை தண்ணிக்கு வரும். குஞ்சுப் புழுவ ஒரு பொடிப் பூச்சி தின்னும், பூச்சிய மீன் தின்னும். மூணு வீடு மாறுது. புழு இருந்தா மூணு பேரும் நல்லா இருக்காங்கன்னு அர்த்தம். ஏரிக்கு இதவிட சர்டிபிகேட் வேணுமா? சமைச்சுத் தின்னா நமக்கும் ஒண்ணும் ஆகாது."

"பறவையே வராத குளத்துல?"

"அங்க எப்படிம்மா புழு வரும்?"

அந்தச் சர்டிபிகேட்டைச் சந்தையில் சொன்னால் யார் காதில் ஏறும்? எனக்கு வழி தெரிந்ததே போதும்.

கொழுந்தன் குளத்தைச் சுற்றித் தகர டப்பா கட்டி வைத்திருந்தான், பறவைகளை விரட்ட. அவன் சந்தையில் இருக்கும் நேரமாகப் போய், விற்காத என் ஏரி மீன்களின் வயிற்றைக் கீறி, புழுவும் குடலுமாகக் கரையில் கொட்டினேன். வாடிக்கை இல்லாதவளுக்கு நேரத்துக்கா பஞ்சம்? முதலில் ஒரு கொக்கு வந்தது. பிறகு நீர்க்காகங்கள். டப்பா சத்தத்துக்குத் தலையைக்கூடத் திருப்பாமல் தின்றன, அங்கேயே எச்சமிட்டன. "நல்லா சாப்பிடுங்க ராசா" என்பேன். யாருக்கும் நான் அவ்வளவு ஆசையாகப் பரிமாறியதில்லை.

ஒரு மழைக்காலம் போனது. அவன் பலகையில் மீன்கள் வயிறு புடைத்துக் கிடந்தன. "கொழுத்த மீனு, கொழுத்த மீனு" என்று கூவினான். வெட்டித் தரச் சொன்னவர்களிடம், வீட்டில் வெட்டிக்கொள்ளச் சொன்னான். என் பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

நான் எழுந்து போய் ஒன்றைக் கையில் எடுத்தேன்.

"வேணாம் அண்ணி," என்றான், எனக்கு மட்டும் கேட்கும்படி. "கூட்டம் பாக்குது."

"பாக்கட்டும் தம்பி."

கீறினேன். இரண்டு வந்தன. அவன் மூக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். கூட்டம் முகம் சுளித்துப் பின்வாங்கியது. இப்போது என் பலகைக்கு வருவார்கள் என்று பார்த்தேன். அதைத் திரும்பியும் பார்க்காமல் எல்லோரும் கோழிக்கடைக்குப் போனார்கள்.

அந்த மூலையில் நாங்கள் இருவர்தான் மிஞ்சினோம். அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். எனக்கு வருத்தம் வருமோ என்று பார்த்தேன். வரவில்லை. பசிதான் வந்தது, பல நாளுக்குப் பிறகு. புழுக்களை உருவிப் போட்டுவிட்டு, அவன் மீனை அவன் வாளித் தண்ணீரிலேயே அலசி, அவன் பார்க்கப் பார்க்க, என் ராத்திரிச் சாப்பாட்டுக்குத் துண்டு போட ஆரம்பித்தேன்.