நாலு வார்த்தை இங்கிலீஷ்

ஆக்ஸிஜன் மெஷினின் பிளக்கைப் பிடுங்கியதும் வீடு சட்டென்று அடங்கியது. டிரைவர் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டே கட்டிலைப் பார்த்தார். விடியற்காலையில் மூச்சு நின்றுபோன மனைவியின் நெற்றியில் மாதக்கணக்காக விழுந்து கிடந்த சுருக்கத்தைக் காணவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது அவருக்கு. ஒவ்வொரு மூச்சுக்கும் அவள் பட்ட பாட்டைப் பக்கத்திலேயே இருந்து பார்த்தவர். அழுகைக்கு முன்னால் நிம்மதிதான் வந்தது. அதற்காக அவர் கூச்சப்படவும் இல்லை.

"அத்தான், மருமகளுக்குச் சொல்லணுமே," என்றாள் மனைவியின் தங்கை.

அங்கேதான் சிக்கல். மகனுக்குக் கப்பலில் வேலை. அவனுக்குத் தகவல் போவதென்றால் மருமகள் மூலமாகத்தான் போகவேண்டும். அவளுக்கோ தமிழில் ஒரு சொல் தெரியாது. அவளிடமிருந்து ஃபோன் வந்தால் மனைவிதான் பேசுவாள். டிரைவர் சொல்லிவைத்தாற்போல பைக்கைத் துடைக்கப் போய்விடுவார்.

"எதிர் வீட்டு வாத்தியாரப் பேசச் சொல்லவா?"

"வேணாம்மா. நீங்கதான் சொல்லணும், ஆள வச்சுச் சொல்லக் கூடாதுன்னு உங்கக்கா கறாராச் சொல்லியிருக்கா."

"உங்களுக்கு இங்கிலீஷ்..."

"அவ மட்டும் என்ன, காலேஜுக்கா போனா?"

போகவில்லைதான். மகனுக்குக் கல்யாணம் ஆனதும் இலக்கணப் புத்தகம் ஒன்று வாங்கி, சில பக்கங்களிலேயே கொட்டாவி விட்டு மூடிவைத்தவள் அவள். "பேப்பர்காரன் தலைப்பப் பாருங்க, நாலு வார்த்தையில முடிச்சிடுறான். நமக்கு இது போதும்," என்று இங்கிலீஷ் பேப்பர் போடச் சொன்னாள். இஸ், வாஸ் தொல்லை அதில் கிடையாது. நேற்று நடந்ததை இன்று நடப்பதுபோலச் சொன்னால் போதும். இனிமேல்தான் நடக்கும் என்றால் நடுவில் ஒரு 'டு'. அப்புறம் வீட்டில் நடப்பதெல்லாம் செய்தியாகிவிட்டது. பால் பொங்கினால், "மில்க் அட்டாக்ஸ் ஸ்டவ்!" கண்ணாடி தொலைந்தால், "டிரைவர் லூசஸ் ஸ்பெக்ஸ், வைஃப் டு சர்ச்!" டிரைவரும் பதிலுக்குச் சிலது எடுத்துவிடுவார். ஆனால் வெளி ஆளிடம் வாய் திறந்ததில்லை. அரைகுறை என்று சிரித்துவிட்டால் மானம் போய்விடுமே!

மறுமுனையில் மருமகள், "ஹலோ?" என்றாள்.

இனி தாங்காது என்று தெரிந்து ராத்திரியெல்லாம் உருப்போட்டு வைத்திருந்த நீளமான வாக்கியம் மறந்துபோய்விட்டது. கட்டிலைப் பார்த்தார்.

"மதர் டைஸ்," என்றார். "பெயின் எண்ட்ஸ்."

தப்பாகச் சொல்லித் தொலைத்துவிட்டோமோ என்று அவருக்கு வேர்த்தது. பிறகு மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது. அவள் நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"சன் டு கம். டாட்டர் டு கம்."

டிரைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை நாளும் மாமியாரும் மருமகளும் இந்தப் பாஷையில்தான் பேசிக்கொண்டார்களா? இதற்குப் பயந்தா அந்த பைக்கைப் பெயிண்ட் போகத் துடைத்தோம்?

"ஃபாதர் ஈட்ஸ்?" என்று கேட்டாள் அவள்.

அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. முந்தின நாள் மத்தியானம் சாப்பிட்டதோடு சரி.

"ஃபாதர் டு ஈட்," என்றார்.

மச்சினியிடம் ஏதாவது இருந்தால் கொண்டுவரச் சொன்னார். அவள் உள்ளே போனதும், வாசலில் கிடந்த பேப்பரை எடுத்துவந்து, மடிப்புக் கலையாமல் மனைவியின் கைப்பக்கம் வைத்தார். பிறகு கை கழுவப் போனார்.