எழுபத்தொன்றும் சைபரும்

ராட்டகோஸ்கி பனி அரங்கின் வாசலில் ரைய்யா காப்பிக் கடை போட்டிருக்கிறாள். கடைக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை சாத்தியிருக்கும். காப்பி, ஏலக்காய் பன், சுட்ட சாசேஜ் என்று விலை எழுதிய பலகை. அன்று காலை யாரோ விலையை அழித்துவிட்டு இரண்டே வரி எழுதி வைத்திருந்தார்கள்.

அறுபது ஆட்டம் – 71.
பிளேஆஃப் – 0.

பெயர் போடவில்லை. போடத் தேவையும் இல்லை. ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் அது இல்மரி ஹாக்கோசலோவின் கணக்கு என்று தெரியும்.

இல்மரி அந்தப் பலகைக்கு நேர் எதிரே நின்றுதான் காப்பி குடித்தான். ஒதுங்கிப் போய்க் குடிக்கலாம். போகவில்லை.

"நான் எழுதலப்பா," என்றாள் ரைய்யா.

"அழிச்சிருக்கலாம்ல அக்கா?"

"அழிச்சேனே. மறுபடி எழுதிட்டுப் போயிட்டானுங்க. ரெண்டாந்தடவை சைபரை இன்னும் கொழுகொழுன்னு போட்டிருக்கானுங்க, பாரு."

வரிசையில் நின்ற காகித ஆலைக்காரன் ஒருவன், ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தவன், கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னான். "என்ன பண்றது! மார்ச் வந்தா ஏரியும் உருகுது, நம்ம இல்மரியும் உருகிடறான்."

நாலு பேர் சிரித்தார்கள். இல்மரியும் சிரித்தான். ஆனால் தாடிக்குள் தாடை இறுகியது. பிளேஆஃப் தொடங்கினால் தோற்கிறவரைக்கும் ஒருத்தனும் சவரம் பண்ணக் கூடாது. அந்த வழக்கத்தால் முகம் பாதி மறைந்திருந்தது, நல்லதாகப் போயிற்று.

விஷயம் இதுதான். ஐஸ் ஹாக்கி லீக்கில் செப்டம்பரில் தொடங்கி மார்ச் வரைக்கும் அறுபது ஆட்டம். ரப்பர் வட்டை மட்டையால் வலைக்குள் தள்ளிக் கோல் போட்டால் ஒரு புள்ளி, கோலுக்கு வழி பண்ணிக் கொடுத்தாலும் ஒரு புள்ளி. இல்மரி எழுபத்தொன்று எடுத்திருந்தான். லீக் முழுக்கத் தேடினாலும் அவ்வளவு எடுத்தவன் கிடையாது. ஒவ்வொரு அணியிலும் அதிகப் புள்ளி எடுத்தவன் தலையில் தங்க நிற ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஆடவேண்டும். மற்றவர்களுக்கெல்லாம் வெள்ளை. பார்க்கிறவனுக்கு, இவன்தான் அந்த அணியின் முதுகெலும்பு என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். எதிராளிக்கும் தெரிந்துவிடும். காய்த்த மரம்தானே கல்லடி படும்.

அறுபதும் முடிந்தால் முதல் எட்டு அணிக்கு மட்டும் பிளேஆஃப். அதில் ஏழு ஆட்டத்தில் யார் முதலில் நாலு ஜெயிக்கிறார்களோ அவர்கள் மேலே போவார்கள். ஹமர்லஹ்தி அணியோடு ஆறு ஆட்டம் முடிந்து மூன்றுக்கு மூன்று. அன்று மாலை ஏழாவது. அந்த ஆறிலும் இல்மரிக்கு ஒரு கோல் இல்லை, ஒரு பாஸ் இல்லை. போன வசந்தத்துப் பிளேஆஃபில் மொத்தமே ஒரு புள்ளி. அதற்கு முந்தின வசந்தத்திலும் ஒன்று. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

காப்பிக் கோப்பையைத் தொட்டியில் போட்டுவிட்டு உள்ளே போனான்.

சாமான் அறையில் ரெய்யோ பனியில் சறுக்குகிற காலணிகளின் கத்திகளைச் சாணை பிடித்துக்கொண்டிருந்தான். இருபது வருஷமாக அணியின் துணிமணி, மட்டை, ஹெல்மெட் எல்லாம் அவன் பொறுப்பு. பொறி பறந்துகொண்டிருந்த சாணையை நிறுத்தினான். மேசைமேல் இரண்டு ஹெல்மெட் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று தங்கம். ஆறு ஆட்டத்து அடியில் அதன் இடப்பக்கம் கீறல் கீறலாகச் சொறி பிடித்த மாதிரி ஆகிவிட்டிருந்தது. இன்னொன்று புது வெள்ளை. பின்பக்கம் இல்மரியின் எண், பதினேழு, ஒட்டியாகிவிட்டது.

"இது எதுக்கு?" என்றான் இல்மரி.

ரெய்யோ மூக்கைச் சொறிந்தான். "கோச் சொன்னாரு. தங்கத்தோட கிளிப் ஒடைஞ்சு போச்சுன்னு நடுவருக்கு நான் ஒரு சீட்டு எழுதிக் குடுக்கணுமாம். அப்ப நீ வெள்ளை போட்டு ஆடலாம். யாரும் கேக்க மாட்டாங்க."

"கிளிப் ஒடைஞ்சிருக்கா?"

"இல்ல. ஒடைக்கச் சொன்னா ஒடைக்கணும். இடுக்கி இதோ இருக்கு."

"நீ எழுதிட்டியா?"

"உன்னைக் கேக்காம நான் எழுதுவேனாடா? பேனாவே எடுக்கல."

அதற்குள் கோச் கௌக்கோனென் வந்துவிட்டார். ஆறு ராத்திரி தூங்காத கண்.

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன் இல்மரி. அந்த மஞ்சளைப் பாத்தாலே அவனுங்க ரெண்டு பேரு ஓடி வந்து உன்னைச் சுவத்தோட சேத்து நசுக்கறானுங்க. வெள்ளையைப் போட்டு கும்பலோட கும்பலா இரு. ஊர்க்காரனும் கொஞ்சம் உன்னை மறப்பான்."

"மறக்கறதுக்கா அறுபது ஆட்டம் ஆடினேன்?"

"அறுபது ஆட்டத்தை விடுப்பா. அது முடிஞ்ச கதை."

இல்மரிக்குச் சுருக்கென்று குத்தியது அந்த வார்த்தைதான். முடிஞ்ச கதை. அக்டோபரில் ஏழு மணி நேரம் பஸ்ஸில் வடக்கே போய், ஆயிரம் பேர்கூட இல்லாத செவ்வாய்க்கிழமை அரங்கில், முட்டி வீங்கி ஐஸ் கட்டி வைத்துக்கொண்டு ஆடினதெல்லாம் கதை. தினம் தினம் மண் சுமந்தவனைக் கேட்பாரில்லை. திருவிழா அன்றைக்குத் தேர் வடத்தைத் தொட்டவனுக்குத்தான் மாலை. உலகம் எங்கேயும் இப்படித்தான் போலிருக்கிறது.

"அந்த எழுபத்தொண்ணு இல்லேன்னா," என்று நிதானமாகச் சொன்னான், "நாம ஒன்பதாவது எடத்துல நின்னிருப்போம். இந்நேரம் இந்த ஊரு வீட்டுல உக்காந்து படகுக்குத் தார் பூசிக்கிட்டிருக்கும். ஏழாவது ஆட்டமாவது, எட்டாவது ஆட்டமாவது! நான் இதைத்தான் போடுவேன்."

கோச் வாசல் பக்கம் திரும்பினார். "மூணு பீரியட்ல ரெண்டு பாக்கறேன். அதுக்குள்ள ஒண்ணும் நடக்கலேன்னா வெள்ளையைப் போட்டுக்கிட்டு எறங்கு, இல்ல பெஞ்சுல உக்காரு. ரெண்டுல ஒண்ணு." போய்விட்டார்.

இல்மரி தங்க ஹெல்மெட்டை ரெய்யோவின் கையில் கொடுத்தான்.

"தொடைச்சுக் குடு. பளபளன்னு இருக்கணும். கடைசி வரிசையில உக்காந்திருக்கிற கிழவனுக்கும் கண்ணு கூசணும்."

"அடி இன்னும் அதிகமா விழும்டா."

"விழட்டும்."

இல்மரி வெறும் வீம்பில் சொல்லவில்லை. முந்தின நாள் சவுனா நீராவி அறையில் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தபோது தன் உடம்பைத் தானே பார்த்தான். காயமெல்லாம் இடது விலா, இடது தோள். எப்போதும் இடது மூலையில், எப்போதும் இரண்டு பேர். சாக்கே என்கிற அந்த ஆறடி மலை ஒருவன், அவனுடைய ஜோடி ஒருவன். வட்டு தன்னிடம் இல்லாதபோதும் வந்து இடித்திருக்கிறார்கள். அவர்கள் வட்டைப் பார்ப்பதில்லை. முதுகிலிருக்கிற எண்ணைக்கூடப் பார்ப்பதில்லை. தங்கத்தைத்தான் பார்க்கிறார்கள். அப்படியானால் கோலுக்கு முன்னால் யார் நிற்கிறார்கள்? ஒருத்தனும் இல்லை.

அன்றே, பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்த யார்க்கோவிடம் சொன்னான். யார்க்கோ முப்பத்தைந்து வயதுத் தடுப்பாட்டக்காரன். வேகம் கிடையாது. இந்த வருஷம் அவன் அடித்த கோல் பூஜ்யம், அதற்காக அவனை யாரும் பலகையில் எழுதினதும் இல்லை.

"நான் எடது மூலைக்குப் போறப்ப ரெண்டு பேரும் என் பின்னாலயே வருவானுங்க. நீ வட்டைப் பாக்காத. நேரா கோலுக்கு முன்னால போயி நில்லு."

"நான் பின்னால காவல் நிக்கிறவன்டா. எடத்தை விட்டு வந்தா கோச் என்னை உரிச்சுத் தொங்கப் போட்டுடுவாரு."

"போடட்டும். உன் தோலு தடிமன்தானே?"

யார்க்கோ கொதிக்கும் கல்லின்மேல் ஒரு கரண்டி தண்ணீரை ஊற்றினான்.

மாலை அரங்கு நிரம்பி வழிந்தது. இல்மரி தங்கத்தோடு இறங்கியதும் கைதட்டல் பாதி, முணுமுணுப்பு பாதி. ஹமர்லஹ்தி ரசிகர்கள் மேலேயிருந்து "உருகுது! உருகுது!" என்று பாட்டாகவே பாடினார்கள்.

முதல் பீரியட் ஒன்றுக்கு ஒன்று. இரண்டாவதில் இல்மரி இடது மூலைக்குப் போனான். சொல்லிவைத்த மாதிரி இரண்டு பேரும் வந்தார்கள். விலாவில் ஒரு முட்டு. கண்ணாடிச் சுவர் அதிர்ந்தது. கோலுக்கு முன்னால் வயல் மாதிரி வெற்றிடம். யார்க்கோ இரண்டடி வைத்தான். "எங்கடா போற!" என்று கோச் பெஞ்சிலிருந்து கத்தினார். யார்க்கோ திரும்பிவிட்டான். போகவும் இல்லை, நிற்கவும் இல்லை, நடுவில் மாட்டிக்கொண்டான். வட்டு அவன் காலைத் தாண்டி ஓடியது. ஹமர்லஹ்தி கோல் போட்டுவிட்டது. அடுத்த முறை சாக்கே இடித்த இடியில் தங்க ஹெல்மெட் கழன்று பனிமேல் உருண்டது. அரங்கமே சிரித்தது. அந்தப் பீரியடின் கடைசி நிமிஷத்தில் ராட்டகோஸ்கிக்காரன் இன்னொருத்தன் எப்படியோ தட்டிவிட்ட ஒரு வட்டால் இரண்டுக்கு இரண்டு ஆயிற்று.

உடை மாற்றும் அறைக்கு வந்தார்கள். இல்மரியின் உதடு கிழிந்திருந்தது. கோச் வெள்ளை ஹெல்மெட்டை அவன் மடியில் வைத்தார்.

"வெள்ளையா, பெஞ்சா?"

இல்மரி அதை எடுத்துப் பக்கத்தில் வைத்தான்.

"கோச், ஒண்ணு கேக்கறேன். நம்ம ஊருல எல்லாரும் அந்த சைபரை நம்பறாங்க. நீங்களும் நம்பறீங்க. ஹமர்லஹ்திக்காரன் அதை நம்பறானா? நம்பினா ஒரு ஆளை விட்டாப் போதாதா? ஏன் ரெண்டு பேரு வர்றானுங்க, சாகற மாதிரி? அவன் எழுபத்தொண்ணை நம்பறான் கோச். என்னோட சொந்த ஊரு மறந்துபோனதை அவன் மறக்கல. நான் இதைக் கழட்டினா, ஆமா, நான் உருகிட்டேன்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. அவனுங்க என்னை விட்டுட்டு வழியை அடைப்பானுங்க. கழட்ட மாட்டேன். பெஞ்சுல உக்கார வெச்சாலும் இதைப் போட்டுக்கிட்டுத்தான் உக்காருவேன்."

கோச் வாயைத் திறப்பதற்குள் மூலையிலிருந்து யார்க்கோ எழுந்தான். முகம் சிவந்திருந்தது.

"அந்த ரெண்டாவது கோல் என் தப்பு கோச். போறவன் போயிருக்கணும். நான் பாதியில நின்னேன். இந்தத் தடவை போறேன். நீங்க கத்தினாலும் போவேன், இப்பவே சொல்லிட்டேன்."

கோச் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வெள்ளை ஹெல்மெட்டை எடுத்து ரெய்யோவிடம் எறிந்தார். "தோத்தா நாளைக்கு மூணு பேரும் சேந்து தார் பூசுவோம்," என்றார்.

மூன்றாவது பீரியட். நான்கு நிமிஷம் மிச்சம். வட்டு வலப்பக்கம் இருந்தது. இல்மரி அதற்கு நேர்மாறாக இடது மூலைக்குப் போனான். கையில் ஒன்றுமில்லை. மட்டையைத் தரையில் தட்டி, எனக்கு வரப்போகிறது என்பதுபோல ஒரு சத்தம் கொடுத்தான். சாக்கே திரும்பினான். அவன் கண்ணில் தங்கம் பட்டதை இல்மரி பார்த்தான்.

"வாடா ராசா," என்றான் மெதுவாக. "தம்பியையும் கூட்டிட்டு வா."

வந்தார்கள். முதல் இடியில் மூச்சு போயிற்று. இரண்டாவதில் முகம் கண்ணாடியில் ஒட்டியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மாள் சாசேஜைக் கையில் பிடித்தபடி வாயைப் பிளந்து அவனைப் பார்த்தாள். அவள் கண் சட்டென்று அவனை விட்டு வேறு பக்கம் ஓடியது. கையிலிருந்த சாசேஜ் பறந்தது. அப்புறம்தான் சத்தம் வந்தது, கூரையைப் பெயர்த்துக்கொண்டு போகிற சத்தம்.

சாக்கே அவன்மேல் சாய்ந்தபடியே கழுத்தைத் திருப்பினான். "யாரு அடிச்சது?" என்று தன் ஜோடியைக் கேட்டான். ஜோடிக்கும் தெரியவில்லை. இரண்டு பேருமே பார்க்கவில்லை.

இல்மரியும் பார்க்கவில்லை. ஆனால் அவனுக்குத் தெரியும். வலதிலிருந்து அடித்த வட்டு கோல்கீப்பரின் காலில் பட்டுத் தெறித்திருக்கிறது. எதிரே ஆளே இல்லாத இடத்தில் யார்க்கோ நின்று, கரி அள்ளுகிறவன் மண்வெட்டியால் தள்ளுகிற மாதிரி அதை உள்ளே தள்ளியிருக்கிறான். நாலு நிமிஷம் பல்லைக் கடித்துத் தாக்குப்பிடித்தார்கள். மூன்றுக்கு இரண்டு. ராட்டகோஸ்கி மேலே போயிற்று.

ஆட்டச் சீட்டில் கோல் யார்க்கோ பெயருக்கு. பாஸ் புள்ளி வலப்பக்கம் நின்ற இருவருக்கு. இல்மரி ஹாக்கோசலோ என்ற பெயருக்கு நேரே ஒன்றுமில்லை.

மறுநாள் காலை உதட்டில் மூன்று தையலோடு காப்பிக்கு வந்தான். பலகை அப்படியே இருந்தது. ஆலைக்காரனும் இருந்தான். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"ஜெயிச்சாச்சு, சரி. ஆனா உன் கணக்கு அதேதானே இல்மரி?"

"அதேதான் அண்ணே."

ரைய்யா ஈரத்துணியோடு வெளியே வந்தாள். "விலகு, அழிச்சிடறேன். இதுக்கப்புறம் எவனாவது எழுதினான்னா சுடு காப்பியை மூஞ்சியில ஊத்தறேன்."

"வேணாம் அக்கா." இல்மரி அவள் கையைப் பிடித்து நிறுத்தினான். கீழே கிடந்த சாக்பீஸ் துண்டை எடுத்து, கொழுத்த சைபருக்குப் பக்கத்தில் 'ஏழு ஆட்டம்' என்று சேர்த்து எழுதினான். அவன் கையெழுத்து அழகாக இருக்காது. ஆனால் அழுத்தமாக இருந்தது.

"இருக்கட்டும். சனிக்கிழமை அடுத்த சுத்து. மறுபடி தங்கத்தைத்தான் போட்டுக்கிட்டு வருவேன். அண்ணன் வந்து எண்ணிக்கட்டும். முதல்ல எழுபத்தொண்ணுல இருந்து ஆரம்பிக்கச் சொல்லு."

ஆலைக்காரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அரங்கத்துக்குள்ளிருந்து ரெய்யோவின் குரல் கேட்டது.

"டேய் இல்மரி! உன் கிரீடம் இடப்பக்கம் பூரா போச்சு. வண்ணம் அடிக்கவா?"

"அடிக்காத!" என்று கத்தினான் இல்மரி, தையல் இழுக்க. "தொடைச்சு மட்டும் வை!"