மைத்துனனிடம் போகாத கார்

கார் பிரேக் இரண்டு வாரமாகக் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. காரை ஓட்டுகிறவள் மனைவி. அவள் பிசியோதெரபிஸ்ட். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்கள், பக்கவாதத்தில் கை விழுந்தவர்கள் என்று ஒரு நாளைக்கு ஐந்தாறு வீடுகளுக்குப் போய்ப் பயிற்சி கொடுத்துவிட்டு வருவாள். கணவர் மருந்துக்கடை வைத்திருந்தார். கடை இரண்டு தெரு தள்ளி, நடந்தே போய்விடுவார். அவர் காரைத் தொடுவது வாரத்துக்கு ஒருமுறை, கழுவுவதற்கு.

கீச்சிட்டால் மெக்கானிக்கிடம் விட்டுவிட வேண்டியதுதானே என்று யாரும் கேட்பார்கள். மெக்கானிக், மனைவியின் கூடப் பிறந்த தம்பி. சிக்கலே அங்கேதான்.

தம்பி கெட்டிக்காரன். என்ஜின் சத்தத்தைக் கேட்டே நோய் இன்னதென்று சொல்லிவிடுவான். ஆனால் அக்கா வீட்டு வண்டிக்குக் காசு வாங்க மாட்டான். கல்யாணமான புதிதில் மருந்துக்கடைக்காரர் பணத்தை நீட்டியபோது, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான். அன்றிலிருந்து அப்படியே. விளைவு, காசு கொடுத்தவர்களின் வண்டிகளெல்லாம் கிளம்பிய பிறகுதான் அக்காவின் வண்டி ஜாக்கியில் ஏறும். போன முறை கிளட்ச் வேலைக்கு விட்டபோது நான்கு நாள் ஆயிற்று. நான்கு நாளும் அவள் ரப்பர் பட்டைகளையும் எடைக்கட்டைகளையும் பையில் திணித்துக்கொண்டு பஸ் மாறி மாறிப் போனாள். எப்போது கிடைக்கும் என்று கேட்க மருந்துக்கடைக்காரருக்கு வாய் வரவில்லை. ஓசியில் செய்கிறவனை எந்த முகத்தோடு அவசரப்படுத்துவது?

வேறு மெக்கானிக்கிடம் விடலாம். ஆனால் அந்தச் சேதி தம்பியின் காதுக்குப் போக அரை மணி நேரம் போதும். மாமியார் காதுக்கு அதைவிடச் சீக்கிரம். யோசித்துப் பார்த்துவிட்டு, தானே செய்வது என்று முடிவு செய்தார்.

அவர் அவசரக்காரர் இல்லை. மில்லிகிராம் பிசகினாலும் ஆபத்து என்ற தொழிலில் இருபது வருஷம் இருந்தவர். சக்கரத்தட்டைக் கவ்வி நிறுத்தும் பிரேக் பேடை மாற்றும் வீடியோக்களைப் பல தடவை பார்த்தார். ஒவ்வொரு படியையும் காகிதத்தில் எண் போட்டு எழுதினார். ஸ்பேனர் செட்டும், வண்டியைத் தூக்கி நிறுத்தும் தாங்கிகளும் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே பழைய லுங்கியைக் கட்டிக்கொண்டு வாசலில் இறங்கிவிட்டார்.

மனைவி காபி டம்ளரோடு வந்து பார்த்தாள். தம்பிக்குப் போன் போடட்டுமா என்று கேட்டாள். நாலு போல்ட்டுதான், அவனை எதற்கு ஞாயிற்றுக்கிழமையும் தொந்தரவு பண்ணுவது என்றார் அவர். பதினொன்றரைக்கு ஒரு நோயாளி வீட்டுக்குப் போக வேண்டும் என்று நினைவூட்டிவிட்டு அவள் உள்ளே போனாள்.

வேலை சுத்தமாகத்தான் நடந்தது. கழற்றிய போல்ட்டுகளைக் காலி மாத்திரை டப்பாக்களில் போட்டு, ‘இடது மேல்’, ‘இடது கீழ்’ என்று லேபிள் ஒட்டினார். பழைய பேடு தேய்ந்து வெறும் தகரம் மாதிரி ஆகியிருந்தது. புதியது தடிமனாக இருந்ததால் உள்ளே இடம் போதவில்லை. பிரேக்கை அழுத்தும் பிஸ்டனைக் கிளாம்ப் வைத்துப் பின்னால் தள்ள வேண்டியிருந்தது. அதில் விரல் முட்டி உரிந்தது. தம்பி முக்கால் மணி நேரத்தில் முடிக்கிற வேலைக்கு இவருக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. ஆனாலும் கடைசி நட்டை முடுக்கிவிட்டு நிமிர்ந்தபோது, முதுகு வலியையும் மீறி அவருக்கு ஒரு பூரிப்பு.

மணி பதினொன்று இருபது. மனைவி பையோடு வந்தாள். ஆயிற்றா என்றாள். சாவியைக் கொடுத்துவிட்டு, கை கழுவக் குழாயடிக்குப் போனார்.

அவர்கள் வீட்டு வாசல் தெருவைப் பார்த்துச் சரிவாக இறங்கும். அவள் கைப்பிரேக்கை விடுவித்ததும் கார் பின்னால் உருண்டது. தெரு விளிம்பில் நிறுத்தி இருபக்கமும் பார்ப்பது அவள் வழக்கம். பெடலை மிதித்தாள். அது எதிலும் தட்டாமல், ஈரத் துணியை மிதித்ததுபோல், தரைவரைக்கும் போயிற்று. கார் நிற்கவில்லை. தெருவைக் கடந்தது. அவள் கைப்பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். எதிர்வீட்டுக் குப்பைத்தொட்டியைச் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டு வண்டி நின்றது. பின்விளக்கு ஒன்று நொறுங்கியது. அந்தத் தொட்டியை அங்கே வைத்துவிட்டு எதிர்வீட்டு அம்மா உள்ளே போய் ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

மருந்துக்கடைக்காரர் சோப்பு நுரைக் கையோடு ஓடிவந்தார். அவள் இறங்கி நின்றுகொண்டிருந்தாள். அடி ஏதும் இல்லை. முதலில் நோயாளிக்குப் போன் செய்து வர முடியாது என்றாள். அடுத்தது தம்பிக்கு.

தம்பி வந்தான். எவரையும் எதுவும் கேட்காமல் வண்டிக்குள் உட்கார்ந்து பெடலை மிதித்தான். மறுபடி மிதித்தான். ஐந்தாறு தடவையில் பெடல் கெட்டியாகி நின்றது. அப்புறம் முன்சக்கரங்கள் இரண்டையும் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தான். மருந்துக்கடைக்காரர் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்போல் பக்கத்தில் நின்றார்.

“எல்லாம் சரியாத்தான் மாட்டியிருக்கீங்க மாமா. என்கிட்ட வேலை பாக்கறவங்ககூட இவ்வளவு சுத்தமா செய்யமாட்டாங்க. பிஸ்டனை உள்ள தள்ளினீங்கள்ல, அது திரும்பி வெளிய வர்றவரைக்கும் பெடலை மிதிச்சு விடணும். அது ஒண்ணுதான் விட்டுப்போச்சு.”

அவர் காகிதத்தை எடுத்துப் பார்த்தார். பதினேழு படிகள் இருந்தன. இது இல்லை. வீடியோவில் அதைக் கடைசியில் போகிறபோக்கில் சொல்லியிருப்பார்கள். அதற்குள் இவர் நிறுத்தியிருப்பார். காகிதத்தை எட்டாக மடித்து லுங்கி மடிப்புக்குள் ஒளித்துவைத்தார்.

தம்பி அதைக் கவனித்துவிட்டான். தனக்கும் ஒரு தடவை இதே மாதிரி ஆகி, வண்டி போய்த் தன் ஆபீஸ் அறைக் கதவைப் பெயர்த்ததாகச் சொன்னான். அதிலிருந்து பிரேக் வேலை என்றால் சாவியைப் பெடலில் கட்டிவிடுவானாம். அவிழ்க்கக் குனியும்போது ஞாபகம் வந்துவிடும்.

அதற்குப் பிறகுதான் மனைவி கணவரிடம் பேசினாள்.

“வண்டியைப் பிரிச்சதுக்கு எனக்குக் கோவம் இல்லைங்க. செஞ்சு முடிச்சிட்டு நீங்க ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்காம சாவியை என் கையில குடுத்தீங்க பாருங்க, அதுக்குத்தான் கோவம்.”

அவர் தலை குனிந்தார். தம்பி சமாதானம் சொல்ல வாயெடுத்தான். அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

“நீ என்ன பேசறே? போன தடவை நாலு நாள் நான் பஸ்ல அலைஞ்சேன். அக்காகிட்ட காசு வாங்கறதில்லன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிறது உனக்குப் பெருமைடா. எனக்கு வேண்டியது வண்டி.”

தம்பிக்கு முகம் விழுந்துவிட்டது. மாமா ஒரு போன்கூடச் செய்யாததால் அவசரம் இல்லை என்று நினைத்ததாகச் சொன்னான். “ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மாமா?”

“எப்படி கேக்கறது மாப்ள? நீ காசு வாங்கியிருந்தா தினம் மூணு தடவை கேட்டிருப்பேன்.”

அவர் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. ஆனால் தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்சம் பொறுத்து அவருக்கும் வந்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

அன்று மத்தியானம் எதிர்வீட்டு அம்மாவுக்குப் புதுத் தொட்டி வாங்கிக் கொடுத்தார்கள். என்ஜின் ஆயில் மாற்றுவது, பல்பு, வைப்பர் எல்லாம் மருந்துக்கடைக்காரர் பார்த்துக்கொள்ளலாம், வண்டியை ஓட்டவும் நிறுத்தவும் வைக்கிற எதுவும் பட்டறைக்கு, பில்லோடு, வரிசைப்படி போக வேண்டும் என்று அவளே பிரித்துக் கொடுத்தாள்.

மூன்று மாதம் கழித்துப் பின்பக்க பிரேக் வேலை வந்தது. காலையில் விட்ட வண்டி சாயங்காலம் கைக்கு வந்தது. தம்பி கூச்சத்தோடு பில்லை நீட்டினான். மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். பிரேக் ஆயிலுக்கு ஏன் இந்த விலை, இந்தக் கிளிப் பழையதே போதாதா என்று குடைந்தார். தம்பியும் விடவில்லை. கழற்றிய கிளிப்பைக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டு, விரிசலைக் காட்டினான். அரை மணி நேரம் இருவரும் குரலை உயர்த்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். டீ வந்தது, குடித்துவிட்டு மறுபடி தொடர்ந்தார்கள்.

அன்று இரவு தம்பி அக்காவுக்குப் போன் செய்து, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மாமா தன்னிடம் இவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசியது இதுதான் முதல் தடவை என்றான்.