முலாமாக இருந்தால் போதும்

கிரிகோரின் பழம்பொருள் கடைக்கு மதிப்புப் பார்க்க வருகிற அத்தனை பேரும் கொண்டுவந்தது வெள்ளியாக இருக்க வேண்டுமே என்றுதான் வேண்டிக்கொள்வார்கள். லூர்தஸ் ஒருத்திதான், அது வெறும் முலாமாக இருந்துவிடட்டும் என்று மாதாவிடம் மன்றாடிக்கொண்டே வந்தாள்.

தம்பி ஜில் பரோலில் வந்தவன். பிராவிடென்ஸ் மேட்டுத்தெருவில் தோர்ன்டைக் அம்மாள் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போனான். அங்கே சூப் கரண்டி ஒன்று காணாமல் போனது. பரம்பரைச் சொத்து, கெட்டி வெள்ளி என்று கிழவி குதித்தாள். அதே மாதிரிக் கரண்டி ஜில்லின் வண்டியில் கிடந்தது. சந்தையில் அக்காவுக்காக வாங்கினேன் என்று மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். முலாம் என்று நிரூபித்தால் விட்டுவிடுகிறேன், இல்லையென்றால் சாயங்காலம் போலீஸ் என்றாள் கிழவி. போலீஸ் வந்தால் இவன் மறுபடி உள்ளே. தாயில்லாத அந்தப் பிள்ளையை அரசாங்கம் தூக்கிக்கொண்டு போய்விடும்.

கிரிகோர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். காம்பின் பின்னால் சிங்க முத்திரை. சிங்கம் என்றால் அசல் வெள்ளி என்பது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். போச்சு, எல்லாம் போச்சு என்று அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"சிங்கத்தப் பாத்து பயந்துட்டியாம்மா? முலாம் போடுறவனும் அதே மாதிரி ஒண்ணக் குத்தி விட்டுருவான். பக்கத்துல பாரு, ஏ-ஒன். உசத்தின்னு நினைச்சு ஏமாறாத ஆளே இல்ல. சாதா முலாம்னு அர்த்தம். தேஞ்ச இடத்துல அடியில இருக்கிற பித்தளை மஞ்சளே தெரியுது."

யார் கேட்டாலும் இது முலாம்தான் என்று தானே சொல்வதாகவும் சொன்னார். லூர்தஸ் அவர் கையைப் பிடித்து முத்தமிட்டாள். அழுதுகொண்டே வெளியே ஓடினாள்.

காரில் ஜில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். தப்பிச்சோம்டா, முலாம்தான் என்றாள். அவன் முகம் மலரவில்லை, தொங்கிப்போனது.

"முலாமா? நல்லாப் பாத்தாராக்கா? இதத்தானே கெட்டி வெள்ளின்னு அந்தக் கிழவி வர்றவங்ககிட்டல்லாம் காட்டிக்கிட்டிருந்தா?"

லூர்தஸ் காரைக் கிளப்பவில்லை. சாயங்காலம் அந்த வீட்டு வாசலில் நின்று, இது உங்களுடையது இல்லை என்று சொல்ல வேண்டியவள் அவள்தான். சொல்லத்தான் போகிறாள். பாவி, இவன் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா என்றிருந்தது அவளுக்கு.