அரைக் கட்டம் தள்ளி நின்ற சுவர்

எழுபது. தண்ணீர் ஓட்டத்தைக் கணிக்கும் என் கணினி நிரல் மூன்று வாரமாக அந்த எண்ணையே சொல்லிக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில், இரண்டு தகடுகளுக்கு நடுவே மெல்லிய இடுக்கில், இதே ஆய்வகத்தில் வேலை பார்க்கும் என் அண்ணி ஓடவிட்ட நிஜத் தண்ணீரோ நிமிடத்துக்கு நூறு மில்லி. அழுத்தம் இரண்டிலும் ஒன்றுதான். மதியத்துக்குள் கணக்கு ஒத்துப்போகாவிட்டால், மூன்று வருடமாக நான் எழுதிய நிரலைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கடையில் விற்பதை வாங்கிக்கொள்வதாக மேலாளர் சொல்லிவிட்டார்.

"என்ன கொழுந்தனாரே, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?" அண்ணி ஈரக் கையோடு வந்து நின்றார்.

"உங்க தண்ணி பொய் சொல்லுது அண்ணி."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். உங்க இடுக்கு எவ்வளவு அகலம்?"

"நிரல்ல இடத்தைக் கட்டம் கட்டமா பிரிச்சிருக்கேன். இடுக்கு ஒன்பது கட்டம். இந்தச் சுவர்ப் புள்ளியிலேருந்து அந்தச் சுவர்ப் புள்ளி வரைக்கும்."

"புள்ளி சுவரோட தோல்ல இருக்கா, வயித்துக்குள்ள இருக்கா? பாய் வாங்கப் போறப்ப சுவரோட நடுவுலேருந்தா அளப்பீங்க?"

நான் திரையில் சுவர் பகுதியை மறுபடி திறந்தேன்.

என் நிரலில் சுவரை நோக்கிப் போகும் நீர்த்துளி, வந்த வழியே திருப்பி அனுப்பப்படும். போக வர மொத்தம் ஒரே கட்டத் தூரம் நடந்து அது தன் இடத்துக்கே திரும்பிவிடுகிறது. அப்படியானால் அது திரும்பியது பாதி வழியில். சுவர் அங்கேதான், புள்ளிக்கு அரைக் கட்டம் முன்னால் இருக்கிறது, புள்ளியில் இல்லை. இந்தப் பக்கம் அரை, அந்தப் பக்கம் அரை. ஒன்பது என்று நான் நம்பியது எட்டுதான். இடுக்கில் ஓட்டம் அகலத்தின் மும்மடிக்கு, அதாவது அகலத்தை அகலத்தால் இருமுறை பெருக்கியதற்கு, ஏற்ப மாறும். எட்டின் மும்மடியை ஒன்பதின் மும்மடியால் வகுத்தேன். நூற்றுக்கு எழுபது!

ஒரு சுவரை ஒரு கட்டம் பின்னால் தள்ளி ஓடவிட்டேன். நூறு.

மதியம் வந்து பார்த்த மேலாளர் நம்பவில்லை. "விடை தெரிஞ்ச பிறகு எண்ணை வளைச்சிருப்பீங்க."

"அப்படியா சார்?" என்ற அண்ணி, எங்களைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போய், அழுத்தத்தை மாற்றாமல் இடுக்கை மட்டும் முக்கால் பங்காகக் குறுக்கினார். "இதை இதுவரைக்கும் யாரும் அளக்கல. அவர் முதல்ல சொல்லட்டும், அப்புறம் குழாயைத் திறக்கிறேன்."

நிரலை ஓட்டி, பலகையில் எழுதினேன்: நாற்பத்திரண்டு.

அண்ணி குழாயைத் திறந்து ஒரு நிமிடம் முடிந்தது. அளவுக் குடுவையில் நீர் நாற்பத்திரண்டாவது கோட்டில் அசையாமல் நின்றது.

"சரி, உங்க நிரலே இருக்கட்டும்," என்று முணுமுணுத்தார் மேலாளர்.

"சத்தமா சொல்லுங்க சார், மூணு வருஷ உழைப்பு!" என்றார் அண்ணி.

அவர் சத்தமாகவே சொன்னார். அண்ணியைப் பார்த்து முதலில் கைதட்டியது நான்தான்.