வெள்ளைக்கோட்டுக்கு வெளியே நின்ற தலைகள்

இரண்டாயிரத்து இருபத்தாறு சட்டமன்றத் தேர்தலுக்கு முன்பு கருவேலந்துறையில் தலை மட்டும் தெரிகிற ஆண்கள் பதினேழு பேர் இருந்தார்கள். இடுப்பு வரை தெரிகிறவர்களும் முழங்கால் இல்லாதவர்களும் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள். கழுத்துக்குக் கீழே அவர்களுக்கு உடம்பு இருந்தது, தெரியவில்லை, அவ்வளவுதான். தொட்டால் தோள் தட்டுப்படும், அடித்தால் வலிக்கும், ஈர மணலில் நடந்தால் பாதம் பதியும். உடுத்திய கைலியும் சட்டையும் உடம்போடு சேர்ந்து மறைந்துவிடும். ஜெகதாப்பட்டினம் துணிக்கடைக்காரர் இதைக் கேள்விப்பட்டு முதலில் கவலைப்பட்டார்; அவர்கள் தீபாவளிக்குத் துணி எடுப்பதை நிறுத்தவில்லை என்று தெரிந்ததும் கவலையை விட்டார். பஸ்ஸில் யாராவது வெளியூர்க்காரர் பக்கத்து சீட்டைப் பார்த்து அலறினால், உள்ளூர்ப் பெண்கள் "ஜெயிலுக்குப் போயிட்டு வந்த ஆளுங்க, ஒண்ணும் செய்ய மாட்டாக" என்று சொல்லிவிட்டு விட்ட பேச்சைத் தொடர்வார்கள்.

இது எப்படி ஏற்பட்டது என்று விளங்க வேண்டுமானால் முதலில் கயிற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊர்க்கூட்டம் கூடும்போது கடற்கரையில் கரைவலைக் கயிறு ஒன்றை வட்டமாகப் போடுவார்கள். ஊருக்கு வரி கட்டும் ஆண்கள் கயிற்றுக்கு உள்ளே உட்காருவார்கள். கையில் விலங்கு ஏறியவன் வெளியே உட்கார வேண்டும். கேட்கலாம், வாய் திறக்கக் கூடாது. கடத்தல் நடந்த காலத்தில், போலீஸோடு பழகியவன் ஊர்ச் சேதியைச் சொல்லிவிடுவான் என்ற பயத்தில் செய்த ஏற்பாடு அது. கடத்தல் ஓய்ந்து, எல்லை தாண்டியதாகச் சொல்லி அக்கரைக் கடற்படை ஆட்களைப் பிடித்துக்கொண்டு போகும் காலம் வந்தது. ஏற்பாடு மாறவில்லை. ஒரு படகு பிடிபட்டால் நாலைந்து பேர் கயிற்றுக்கு வெளியே போனார்கள். கயிறு வருடத்துக்கு வருடம் சின்ன வட்டமாகியது. மிச்சக் கயிற்றைச் சுருட்டிப் படகுக்கடியில் வைத்தார்கள்.

அடுத்தது வெள்ளைக்கோடு. தேர்தல் நாளில் வாக்குச்சாவடியைச் சுற்றி நூறு மீட்டரில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுவது எல்லா ஊரிலும் வழக்கம். அதற்குள் எந்தக் கட்சிக்காரரும் வாக்குக் கேட்கக் கூடாது என்பதைத் தவிர அந்தக் கோட்டுக்கு வேறு வேலை கிடையாது. ஆனால் வட்டமாகக் கயிறு போட்டே பழகிய ஊரில், பள்ளிக்கூடத்தைச் சுற்றி அரசாங்கம் வட்டமாக ஏதோ போடுகிறது என்றால் அது வேறென்னவாக இருக்க முடியும்? அரசாங்கத்தின் கயிறு என்று எடுத்துக்கொண்டார்கள். ஜெயிலுக்குப் போய் வந்தவர்கள் கோடு வரை மனைவியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வெளியே நின்றார்கள். யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. அவர்களே நின்றுகொண்டார்கள்.

அப்படி நின்று திரும்பியவனுக்கு அன்று சாவடி மூடும் நேரத்தில் பாதம் மறைந்தது. அடுத்த தேர்தலில் முழங்கால். பிறகு இடுப்பு, மார்பு, கழுத்து. சட்டமன்றம், பாராளுமன்றம், பஞ்சாயத்து என்ற வேறுபாடு எதையும் அது பார்க்கவில்லை. கடல் ஏறுவதைப் போல ஏறியது, இறங்கியதே இல்லை.

கழுத்துக்கு மேலும் அது ஏறும் என்று சார்லஸைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். மற்றவர்களுக்கு ஒரு தேர்தல் முன்பே சிறை போய் வந்தவர் அவர். இரண்டாயிரத்து இருபத்து நாலு பாராளுமன்றத் தேர்தல் அன்று மாலை, டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவர் தலை மறைந்தது. டம்ளர் மட்டும் சற்று நேரம் அந்தரத்தில் நின்றது. மனைவி ஆரோக்கியம்மாள் பாயைப் போட்டுச் சோறு வைத்தார். தட்டு காலியாகும், பேச்சுக் குரலும் கேட்கும். ஒரு வருடத்துக்குள் குரல் மெலிந்தது. இப்போதெல்லாம் ஆரோக்கியம்மாள் வைத்த சோறு வைத்தபடியே இருக்கிறது. அவர் வைப்பதை நிறுத்தவில்லை.

பதினேழு தலைகளில் ஒன்று ஆனந்தராஜ். ஐஸ் கம்பெனி வாசலில் நடந்த அடிதடியில் ஒருவர் கையை முறித்து, மூன்று வருடம் திருச்சி ஜெயிலில் இருந்துவிட்டு வந்தவர். சின்ன ஃபைபர் படகு வைத்திருந்தார். அவர் மனைவி அழகி, ஆரோக்கியம்மாள் வீட்டுத் தட்டைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து தூங்கும்போதும் கணவனின் முகத்தில் கை வைத்துக்கொண்டே தூங்கினாள்.

வீடு வீடாக வாக்காளர் சரிபார்க்க வந்தவள் அங்கன்வாடி டீச்சர் சுகுணா. குன்றாண்டார்கோவில் பக்கத்திலிருந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டவள். அவளுக்குக் கயிறு தெரியாது.

"வீட்டுல எத்தன ஓட்டுக்கா?"

"ஒண்ணு" என்றாள் அழகி.

"ரெண்டு இருக்கு. அண்ணன் பேரும் இருக்கே."

வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஆனந்தராஜின் தலை திரும்பியது. "பேரு இருந்துட்டுப் போவட்டும்மா. கோட்டுக்கு உள்ள வர எனக்கு ஏது பாத்தியத?"

"எந்தக் கோட்டச் சொல்றீங்க?"

அவர் சொன்னார். சுகுணா கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அழகியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "அண்ணே, அது கட்சிக்காரவுகளுக்குப் போட்ட கோடுண்ணே. ஒங்களுக்கு இல்ல."

அவள் சொன்னது சரி. சட்டம் இந்த விஷயத்தில் கயிற்றைவிட எளிமையாக வேலை செய்கிறது. வாக்குப்பதிவு நாளில் ஒருவர் எங்கே இருக்கிறார் என்பதை மட்டுமே அது கேட்கிறது. அன்று சிறைக்குள் இருந்தால் வாக்களிக்க முடியாது. தண்டனைக் கைதியானாலும் விசாரணைக் கைதியானாலும் ஒன்றுதான், போலீஸ் காவலில் இருந்தாலும் அதேதான். தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவர் மட்டும் தபாலில் வாக்களிக்கலாம். ஜாமீனில் வெளியே இருப்பவருக்குத் தடையில்லை. தண்டனை முடிந்து வந்தவருக்கும் இல்லை. செய்த குற்றம் என்ன, எத்தனை வருடம் இருந்தார் என்று சாவடியில் யாரும் கேட்பதில்லை. உள்ளே இருக்கிற காலத்திலும் அதற்காகப் பெயரை நீக்குவதில்லை, பெயர் காத்திருக்கும். குழப்பத்துக்கு ஒரு காரணம் உண்டு. இரண்டு வருடமோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர், வெளியே வந்து ஆறு வருடம் வரை தேர்தலில் நிற்க முடியாது. நிற்பது வேறு, வாக்களிப்பது வேறு. அக்கரைச் சிறையில் இருந்துவிட்டு வந்ததற்கும் இங்கே வாக்களிப்பதற்கும் சம்பந்தமே கிடையாது. வெளியே வந்த நாளிலிருந்து பதினேழு பேரும் ஒரு தடவைகூடத் தங்கள் வாக்குரிமையை இழந்திருக்கவில்லை.

"அப்ப எங்க ஒடம்பெல்லாம் எதுக்கு மறஞ்சுச்சு?" என்று கேட்டார் ஆனந்தராஜ்.

"அது எனக்குத் தெரியலண்ணே" என்றாள் சுகுணா.

சேதி ஊர்த்தலைவர் உடையப்பனுக்குப் போயிற்று. படகுத்துறையில் மீன் ஏலம் விடுபவரும் அவரே. கெட்டவர் இல்லை, சார்லஸ் மறைந்தபோது அழுதவர். அவர் கடற்கரையில் ஆனந்தராஜை நிறுத்தினார்.

"தம்பி, கவுருமென்டு சொல்றது கவுருமென்டோட. நீ அந்தக் கோட்டத் தாண்டுனா நாளைக்கு இந்தக் கயித்தையும் தாண்டுவ. ஒன்னப் பாத்து அடுத்தவன் தாண்டுவான். தாண்டிட்டு வா, ஒன் கூடை ஏலத்துல எறங்காது."

"எறங்கலன்னா நாங்க எதத் திங்கிறது, தலைவரே?"

"அது எனக்கு எப்புடிப்பா தெரியும்?"

அன்றைக்கு வீட்டில் அழகி சொன்னது இவ்வளவுதான்: "மீன் விக்கலன்னா கருவாடு போடுவேன். ஆவுடையார்கோவில் சந்தைக்குத் தூக்கிட்டுப் போவேன். மொகம் இல்லாத ஆளுக்கு என்னால சோறு போட முடியாது."

தேர்தல் அன்று காற்றே இல்லை. கடல் அசையாமல் எண்ணெய் போலக் கிடந்தது. காகங்கள் பள்ளிக்கூடக் கூரையில் உட்காரவில்லை. வெள்ளைக்கோட்டை ஒட்டி, வெளிப்பக்கத்தில், காலையிலிருந்தே தலைகள் வரிசையாக நின்றன. ஆனந்தராஜ் அழகியோடு வந்து கோட்டின் முன் நின்றபோது ஒரு தலை மட்டும், "பங்காளி, கால எங்க வைக்கிறன்னு பாத்து வையி, எங்களுக்குத்தான் தெரியாது" என்றது. யாரோ சிரித்தார்கள். சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ளே மணலில் ஒரு பாதம் பதிந்தது, அடுத்து இன்னொன்று.

சாவடியில் முதல் அலுவலர் பெயரைச் சத்தமாக வாசித்தார். அப்படி வாசிப்பது, உட்கார்ந்திருக்கும் கட்சி ஏஜெண்டுகள் ஆளைச் சரிபார்ப்பதற்காக. ஏஜெண்டாக இருந்த விக்ரம், தலைவரின் அக்காள் மகன், எழுந்து ஆட்சேபித்தான். தலைமை அலுவலர் ஆவூர்ப் பக்கத்து டீச்சர், பெயர் ஷெரின். அவர் பொறுமையாக விளக்கினார்: ஆட்சேபிக்கலாம், இரண்டு ரூபாய் கட்ட வேண்டும், ஆனால் வந்திருப்பவர் அந்தப் பெயருக்கு உரியவர் இல்லை என்று மட்டும்தான் ஆட்சேபிக்க முடியும்.

"சொல்லுங்க, இவர் ஆனந்தராஜ் இல்லையா?"

"ஆனந்தராஜ்தான் டீச்சர். எனக்குச் சித்தப்பா முறை வேணும். ஆனா ஜெயிலுக்குப் போனவரு."

"இப்ப ஜெயில்ல இருக்காரா?"

"இந்தா, இங்கிட்டு நிக்கிறாருல்ல."

"அப்பப் போட்டுட்டுப் போகட்டும். உக்காருங்க."

முகத்தைப் பார்த்து ஆளைச் சொல்ல முடிந்ததால் அது அத்தோடு முடிந்தது. முகம் இல்லாதிருந்தால் அந்த இரண்டு ரூபாய்க்கு விசாரணை வைக்க வேண்டியிருந்திருக்கும். இரண்டாம் அலுவலர் இடது கையைக் கேட்டார். மேஜையில் ஏதோ கனமாக வந்து அமர்ந்தது. அவர் தடவிப் பார்த்து ஆள்காட்டி விரலைக் கண்டுபிடித்து, நகத்தின் மேலாக மையை இழுத்தார். மை மறையவில்லை. காற்றில் ஒரு கருநீலக் கோடு நின்றது. அந்தக் கோடு மறைப்புத் தட்டிக்குப் பின்னால் போயிற்று. நீளமாகப் பீப் சத்தம் கேட்டது. கோடு வெளியே வந்தது.

ஆனந்தராஜ் வெள்ளைக்கோட்டருகே வந்து கையைத் தூக்கிக் காட்டினார். "வாங்கப்பா. பேரு எல்லாருக்கும் இருக்கு. ஒண்ணும் கேக்கல. வாங்க." அழகி ஒவ்வொரு தலையின் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டாள். உடையப்பன் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தலைகள் அவரைப் பார்த்தன, கடலைப் பார்த்தன, அவரவர் மனைவியைப் பார்த்தன. மாலை ஆறு மணிக்குள் வளாகத்துக்குள் வந்து வரிசையில் நின்றுவிட்டால் டோக்கன் கொடுப்பார்கள், எத்தனை மணியானாலும் வாக்களிக்கலாம். வாக்காளர் சீட்டோடு வந்திருந்த சுகுணா அதைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆறு மணிக்கு போலீஸ்காரர் கேட்டை இழுத்துச் சாத்தினார். ஒருவரும் உள்ளே வரவில்லை; கோட்டை ஒட்டி நின்ற பதினாறு தலைகளும் நின்ற இடத்திலேயே மறைந்தன. பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய் உலை வைத்தார்கள். கருவேலந்துறைச் சாவடியில் வாக்குப்பதிவு வழக்கம்போல நடந்ததாக எழுதப்பட்டது.

ஆனந்தராஜின் தலை ஆறு மணிக்குப் பிறகும் இருந்தது. அழகி அதைப் பல தடவை தொட்டுப் பார்த்தாள். உடம்பு திரும்பி வரவில்லை.

மறுநாள் விடிந்தபோது படகுகள் கரை சேர்ந்தன. வலையை இழுப்பது யார் என்று தெரியாமலே வலைகள் ஏறின. ஆனந்தராஜ் ஒரு கூடை காரல் மீனும் கொஞ்சம் நண்டும் கொண்டுவந்து ஏல இடத்தில் வைத்தார். உடையப்பன் காலால் அதை ஓரத்துக்குத் தள்ளினார். அடுத்த கூடையைக் கொண்டுவரச் சொன்னார். அடுத்த கூடை வரவில்லை. தள்ளப்பட்ட கூடை நான்கு பக்கமும் பிடித்துத் தூக்கியதுபோல மணலை விட்டு எழும்பி, ஆட்டமில்லாமல் வந்து ஏலத்தின் நடுவில் இறங்கியது. அதைச் சுற்றி ஈர மணலில் பாதங்கள் பதிந்தபடி இருந்தன, வந்துகொண்டே இருந்தன. கயிற்றுக்கு உள்ளே உட்காருகிற ஆட்கள் எல்லோரும் அந்த நேரம் அங்கே இருந்தார்கள், ஒரு கூரையடியில் அடங்கும் அளவுக்குத்தான் இருந்தார்கள். பாதங்கள் அவர்களைவிட அதிகம். உடையப்பன் பாதங்களைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு காரலுக்கு விலை கூவ ஆரம்பித்தார்.