குச்சி நட்ட இடமெல்லாம் குழி

பொன்முடியில் புல் மூடிய ஒரு சரிவில் நான் காலையிலிருந்து மத்தியானம் வரை நின்று குழி வெட்ட வைத்தேன். அத்தனையும் தவறான இடம். ஒரு தவறை இவ்வளவு ஒழுங்காகச் செய்ய என்னால்தான் முடியும்.

திருவனந்தபுரத்தில் மரம் நடும் சங்கம் ஒன்றுக்கு நான் செயலாளர். நாங்கள் நட்டதில் பாதியை ஆடு தின்றது. மீதி, சாலையை அகலப்படுத்தியபோது போயிற்று. ஆடும் சாலையும் எட்டாத இடம் தேடியபோது ஓர் எஸ்டேட் மேனேஜர் தம் 'வெறும் புல்' சரிவைத் தந்தார். ஜூன் மழையில் நடவு. அதற்கு முன்பே குழி வெட்டி ஆறப்போட வேண்டும். இடம் குறித்து வைக்க ஆள் அனுப்பியிருந்தேன். ஏப்ரலில் போய்ப் பார்த்தால், புல்லுக்குள் அங்கங்கே சிவப்புத் துணி கட்டிய மூங்கில் குச்சிகள். குச்சிக்கு ஒரு குழி என்று, ஆட்களோடு வெட்ட வந்திருந்த ராஜையனிடம் சொன்னேன்.

"வரிசையா இல்லியே சாரே" என்று அவர் மண்வெட்டியை ஊன்றி நின்றார்.

காட்டுக்கு ஏது வரிசை என்று நான் சிறு உரையே ஆற்றினேன். நான் அனுப்பிய ஆள் பஸ் தவறிவிட்டதால் மலைக்கே வரவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

மத்தியானத்துக்கு மேல் சிஜி வந்தாள். பாறசாலைக்காரி, பறவைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்பவள். குச்சிகள் அவளுடையவை. ஒவ்வொரு குச்சியிலிருந்தும் இரண்டு எட்டு தள்ளி, புல்லடியில் ஒரு நெட்டைக்காலியின் கூடு இருந்தது. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் நீளமாய், காய்ந்த புல் நிறத்தில், தரையிலேயே ஓடித் திரியும் பறவை. கூடுகளைக் குனிந்து பார்த்தவள், குஞ்சுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, தாய்களைத்தான் காணோம் என்றாள். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஆட்களைக் கீழே அனுப்பிவிட்டு, தாய்கள் திரும்புகின்றனவா என்று பார்க்க ஒரு பாறைக்குப் பின்னால் அவள் பக்கத்தில் குப்புறப் படுத்தேன். சங்கத்தின் பச்சைத் தொப்பி முதன்முறையாக ஒரு காரியத்துக்கு உதவியது.

மரம் நட்டால் பறவை கூடத்தானே செய்யும் என்று மெதுவாகக் கேட்டேன்.

"எந்தப் பறவை சாரே?"

அடுத்த சரிவும் ஒரு காலத்தில் புல்தானாம். யூகலிப்டஸ் நட்டார்கள். இப்போது அங்கே கொண்டைக்குருவி உண்டு, வால்காக்கை உண்டு; நெட்டைக்காலி ஒன்றுகூட இல்லை. அப்படியானால் நடலாமா, கூடாதா என்றேன். சங்கத் தலைவர் தாணுமாலையன் நடவு விழாவுக்குப் பேனரே அடித்துவிட்டார். அதைச் சுருட்டச் சொல்ல எனக்கு ஒரே ஒரு வார்த்தை வேண்டும்.

"ஒரு மலையப் பாத்துட்டுச் சொல்லப்படாது. சுத்தியுள்ள மலையெல்லாம் என்ன கோலத்துல இருக்குன்னும் பாக்கணும்" என்றாள். இன்னொரு விதமாகக் கேட்டேன். அதற்கும் 'ஆனா' என்றுதான் தொடங்கினாள்.

வெயில் தாழ்ந்தபோது ஒரு தாய் வெட்டுக்கிளியோடு வந்தது. என் மண்குவியல்மேல் ஏறி, வேலையை மேற்பார்க்க வந்த இன்ஜினியர் போல இருபுறமும் பார்த்துவிட்டுப் புல்லுக்குள் ஓடியது. பிறகு இன்னொன்று. கடைசியில் யூகலிப்டஸ் ஓரத்துக் கூடு மட்டும்தான் பாக்கி. அங்கே ஒரு கிளையில் வால்காக்கை உட்கார்ந்து, கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குக் குஞ்சு என்றால் பலகாரம் என்று சிஜி முணுமுணுத்தாள்.

நான் எழுந்து ஓடினேன். தொப்பியை வீசினேன். வால்காக்கை பறந்தது, நான் முழங்கால் வரை என் குழியிலேயே விழுந்தேன். பின்னால் சிஜி சிரிப்பது கேட்டது. அன்று அவள் சிரித்தது அப்போதுதான். அந்தக் கூட்டின் தாயும் சற்றுத் தள்ளி, வாயில் புழுவோடு, நான் எழுந்து தொலைவதற்காகக் காத்திருந்தது.

காலை எடுக்காமலே கேட்டேன்: "இந்தச் சரிவுல நடலாமா, கூடாதா?"

அவள் கிட்டே வந்து, வால்காக்கை உட்கார்ந்திருந்த யூகலிப்டஸ் கிளையைப் பார்த்தாள்.

"கூடாது சாரே. மரம் நட்டா அதுல வந்து இருக்கப்போறது வால்காக்கைதான். ஒரு கம்புகூட நடப்படாது. குஞ்செல்லாம் பறந்த பெறகு வந்து இந்தக் குழியள மூடிப்போடுங்க. இப்பம் கையத் தாங்க, தாய் காத்து நிக்குது."